இறந்தவனை எழுப்பும் உரிமை

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்குச் சுவாமிமலை உச்சியிலுள்ள ஒரு கல்தூணைக் காட்டி ஒரு காதல் கதை சொல்வார்கள். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், தன்னைக் கைவிட்டவனின் கப்பல் புறப்படுவதைக் கண்டு, 1687 ஏப்ரல் 24ஆம் திகதி அங்கிருந்து கடலில் பாய்ந்தாளாம். ஆனால் அவள் அதன் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தாள், மணமும் செய்தாள் என்று பழைய ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உயிரோடிருந்தவளுக்குக் கதை ஒரு சாவைக் கொடுத்துவிட்டது. இன்றைய சினிமா இதற்கு நேர்மாறானதைத் தொடங்கியிருக்கிறது. ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்து 2013இல் வந்த ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவம் ‘அம்பிகாபதி’. 2025 ஆகஸ்ட் 1ஆம் திகதி அது மறுபடி திரைக்கு வந்தபோது, முடிவில் இறக்கும் நாயகன் குந்தன் செயற்கை நுண்ணறிவின் கைவண்ணத்தில் கண்விழித்தான். இயக்குநரும் நடிகரும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். உரிமை வைத்திருந்த நிறுவனம் பின்வாங்கவில்லை.

இதைப் பதிப்புரிமை வழக்காக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு கதையிலிருந்து சாவை எடுத்துவிடுவது அறமா என்பதே என் கேள்வி. தீட்சையால் சஞ்சிதம் எனும் சேர்ந்த வினை எரிந்தாலும், பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரத்த வினையை உடல் உள்ளவரை நுகர்ந்தே தீரவேண்டும் என்கிறது சைவ சித்தாந்தம். குந்தன் வெறுமனே விதியால் அடிபட்டவன் அல்லன். அவன் அம்பலப்படுத்திய உண்மையால்தான், அவன் விரும்பிய சோயா காதலித்த இன்னொருவன் அடிக்கப்பட்டுச் சாகிறான். அந்தக் கடனைத் தெரிந்தே தீர்க்கத்தான் ஆபத்து காத்திருக்கும் மேடைக்குக் குந்தன் போகிறான். அவனைப் பிழைக்க வைத்தால், அடிபட்டுச் செத்த அந்த இன்னொருவனுக்குப் பதில் சொல்லக் கதையில் யாரும் மிஞ்சுவதில்லை. மகிழ்ச்சியான முடிவு என்று விளம்பரம் செய்யப்பட்டது உண்மையில் ஒரு கொலையின் கணக்கை மூடிவிடுகிறது.

சைவமே இதை மறுக்கவில்லையா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். கோணேசரைப் பதிகம் பாடிய அதே திருஞானசம்பந்தர், திருமருகலில் பாம்பு தீண்டி இறந்த வணிகனை எழுப்பி, அவனை நம்பி வீட்டைவிட்டு வந்த பெண்ணுக்கே மணம் முடித்துவைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவலக் காதல் ஒன்று அங்கே மங்கலமாக முடிகிறது. ஆனால் அந்த உயிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாவு முழுதாக நிகழ்கிறது. தீண்டவும் உரிமையில்லாத அந்தப் பெண் இரவு முழுதும் பிணத்தருகே அழுகிறாள். அந்த அழுகை சம்பந்தர் காதில் விழுகிறது. அவர் இறைவனிடம் அவளுக்காக நியாயம் கேட்கிறார். மீட்சி கதைக்கு உள்ளிருந்து, அவள் துயரத்துக்கு விடையாகப் பிறக்கிறது. குந்தனுக்காகக் கதைக்குள் யாரும் கேட்கவில்லை; வெளியே விற்பனைதான் கேட்டது.

பழங்கதையைப் புதுக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் ‘அம்பிகாபதி’ என்ற பழங்கதையைப் படமாக்கியபோது, இளங்கோவன் ரோமியோ ஜூலியட்டின் சாயலில் காதல் காட்சிகளை எழுதினார். அது அன்றைய ரசிகனுக்கான துணிச்சலான மாற்றம். ஆனால் கம்பன் மகன் அம்பிகாபதி பாடல் எண்ணிக்கையில் தவறி உயிர்விடுவதை அவர்கள் தொடவில்லை.

இன்னொரு மறுப்பை திருகோணமலை என்ற இந்தத் துறைமுக ஊரில் நின்று கேட்டால் எளிதில் தள்ளிவிட முடியாது. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட மக்கள், திரையிலாவது யாரும் சாகாமல் இருக்கட்டும் என்று விரும்புவது தவறா? தவறில்லை, அவர்களுக்காக இனிய முடிவோடு புதுக் கதைகள் எழுதப்படட்டும். ஆனால் நடந்த சாவை நடக்கவில்லை என்று சொல்வது அவர்களைத் தேற்றாது. கன்னியா வெந்நீர் ஊற்றுகளில், இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று நம்பி, ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் கழிக்கிறார்கள். இறந்தவர் இறந்தார் என்பதை ஏற்றபின்தான் அந்த ஆறுதல் தொடங்குகிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் பெற்றோர் ஆண்டுக்கணக்காகக் கேட்டது, அந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்பதைத்தான். 2019இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை நீதிமன்றம் விடுவித்த பிறகும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.