உற்றவர் யார்?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அவை. இக்காலத்துப் பெரிய மருத்துவமனைகளை நோக்கினும் இப்பகுப்பில் பழுது காண இயலாது. ஆயினும், நோய்ப்படுக்கையில் நெடுநாள் கிடந்து எழுந்தவர்கள் இந்நான்கினோடு ஐந்தாவதாக ஒருவரையும் அறிந்திருப்பார்கள். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். குடும்பத்தைச் சேர்ந்தவரும் அல்லர். முன்னொரு நாள் அதே நோயால் வீழ்ந்து, அதே வலியைப் பட்டு எழுந்தவர் அவர். அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு நோயாளியின் உள்ளத்தில் கிடைக்கும் இடம் மற்றவர்களின் நூறு சொற்களுக்குக் கிடைப்பதில்லை. அது ஏன்? அவ்விடத்தைப் பெற்றதனால் அவர்மீது வந்து சேரும் கடமைதான் யாது? இவ்விரு வினாக்களும் சிந்திக்கத்தக்கவை.

இவற்றை ஆராய நெடுந்தொலைவு ஓடுவோரின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஓட்டம் தனித்துச் செய்யும் செயல். ஒருவருடைய காலை மற்றவர் கடனாகப் பெற இயலாது. போட்டியில் ஒருவர் முந்தினால் மற்றவர் பிந்தியே ஆக வேண்டும். இத்தகையோர் இடுப்பு மூட்டில் காயமுற்று, அறுவை மருத்துவத்திற்கு ஆளாகும்போது, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கின்றனர். முந்த முயன்றவரே தோள் கொடுக்க வரும் இந்த மாற்றத்தில் நாம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

பெயரில்லாத் துயர்

இடுப்பு மூட்டு, கிண்ணத்தினுள் சுழலும் பந்தைப் போன்ற அமைப்புடையது. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். தொடையெலும்பின் தலை பந்து. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் குருத்தாலான ஒரு வளையம் உண்டு. பந்தைத் தொடையெலும்பின் தண்டோடு இணைப்பது ஒரு குறுகிய கழுத்து. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைப் போலப் பன்மடங்கு சுமை இம்மூட்டில் இறங்குகிறது. 42.195 கிலோமீட்டர் கொண்ட மாரத்தான் ஓட்டத்தில் அத்தகைய அடிகள் பல்லாயிரம்.

இச்சுமையைத் தாங்காதபோது சிலருக்கு விளிம்பு வளையம் கிழிகிறது. சிலருக்கு எலும்பின் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகிறது. தொடக்கத்தில் அது தொடையிடுக்கில் மந்தமான வலியாகவே தோன்றும். அதனைப் பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பு முற்றிலும் முறிந்து, திருகாணி கொண்டு பிணைக்கும் நிலை வரும். வேறு சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டின் வழவழப்பான மேற்பரப்பே தேய்ந்து, செயற்கை மூட்டு பொருத்த வேண்டியதாகிறது.

எந்த வகையாயினும், அதன்பின் ஊன்றுகோலோடு கழியும் வாரங்கள் உண்டு. விடியுமுன் எழுந்து பத்து மைல் ஓடியவர், கட்டிலிலிருந்து கழிவறைக்குச் செல்ல மற்றவர் கையை எதிர்பார்க்கிறார். அப்போது அவரைக் காண வருவோர் என்ன சொல்கிறார்கள்? “இந்த வயதில் உனக்கு ஏன் இந்த ஓட்டம்? யார் உன்னை ஓடச் சொன்னது?” என்று ஒருவர் கேட்பார். “நடக்க முடிந்தாலே போதும், அல்ஹம்துலில்லாஹ் என்று இரு” என்று மற்றொருவர் கூறுவார். இரண்டும் அன்பினால் பிறந்த சொற்களே. இரண்டாவது சொல் உண்மையும்கூட. ஆனால் அவை நோயாளியின் வாயை அடைத்துவிடுகின்றன. தாம் இழந்ததை இழப்பென்று சொல்லவே அவர் நாணுகிறார். பிழைப்புக்கு இன்றியமையாத ஒன்றை இழந்தவருக்கு ஆறுதல் சொல்ல உலகம் முன்வரும். இன்றியமையாதது அன்று என்று பிறர் கருதும் ஒன்றை இழந்தவர் தனித்து அழ வேண்டியதுதான்.

துயரின் அளவை இழந்தவரே அறிவார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இளமை முதல் கிராஅத் ஓதி வந்த காரிக்குக் குரல் போய்விட்டால், “பேச முடிகிறதே, போதாதா?” என்று கேட்பது எத்துணைப் பொருந்தாச் சொல்! ஓடுபவருக்கு ஓட்டமும் அத்தகையதாக இருக்கலாம். அது அவருடைய நாளின் ஒழுங்கு, மனத்தின் அமைதி, நட்பின் களம். அது நின்றபோது நின்றுபோனவை பல.

மூன்று படிகள்

உறுதியான அறிவை நம் அறிஞர்கள் மூன்று படிகளாக வகுத்தனர். நெருப்பு சுடும் எனக் கேட்டறிவது இல்முல் யகீன். நெருப்பைக் கண்ணால் கண்டறிவது ஐனுல் யகீன். அதில் கை சுட்டு அறிவது ஹக்குல் யகீன். நோய்ப்படுக்கையைச் சுற்றி நிற்போரை இப்படிகளில் வைத்துப் பாருங்கள். மருத்துவர் கற்று அறிந்தவர். பணிபுரியும் மனைவியும் மக்களும் கண்டு அறிந்தவர்கள். அதே அறுவைக்கு உட்பட்டு எழுந்த ஓட்டக்காரரோ பட்டு அறிந்தவர். முதலிருவரின் அறிவு குறைந்தது என்பது இதன் பொருளன்று. கத்தியை ஏந்தும் கைக்குக் கல்விதான் வேண்டும். பட்டறிவு மட்டும் போதாது. ஆனால் சில செய்திகள் மூன்றாம் படியில் நிற்பவரிடமிருந்துதான் கிடைக்கும்.

படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் வைக்க வேண்டும். இதை மருத்துவமனையிலும் கற்றுத் தருவார்கள். ஆனால் இரு கைகளிலும் ஊன்றுகோல் இருக்கையில் ஒரு குவளைத் தேநீரைக்கூட ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும், அதற்காகத் தோளில் ஒரு பையும் அதனுள் மூடியுள்ள குடுவையும் வேண்டும் என்பதையும் பட்டவரே சொல்வார். வலியைக் காட்டிலும் கொடியது மூன்றாம் நான்காம் வாரங்களில் வரும் சோர்வு என்பதையும், அது வந்தே தீரும், வந்தது போலவே போகவும் செய்யும் என்பதையும் அவர்தாம் சொல்வார். பல மாதங்களுக்குப் பின் மருத்துவர் இசைவு தந்ததும், ஒரு நிமிடம் ஓடி, சில நிமிடம் நடந்து, மீண்டும் ஒரு நிமிடம் ஓடும் முதல் நாளில், அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பை உணர்ந்து மகிழ்பவரும் அவரே. மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு நிமிடம்.

நபித்தோழர்களுள் கால்விரைவுக்குப் பெயர் பெற்றவர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள். ஒட்டகங்களைக் கவர்ந்து சென்றவர்களை அவர்கள் தனித்துக் கால்நடையாகவே துரத்திச் சென்று மீட்ட வரலாறு நூல்களில் விரிவாக உள்ளது. ஓட்டத்தில் தோல்வியே காணாத அன்ஸாரி ஒருவரை மதீனா வரை ஓடி வென்றதும் அதே வரலாற்றில் வருகிறது. அவர்களுடைய காலில் ஒரு தழும்பு இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், அவர்களுடைய மவ்லாவான யஸீத் இப்னு அபீ உபைத் அதனைக் கண்டு, இது யாது என வினவினார். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர்ப் போரில் தாம் காயமுற்றதையும், ஸலமா வீழ்ந்தார் என மக்கள் கூறியதையும், நபி (ஸல்) அவர்கள் அதன்மீது மும்முறை ஊதியதையும், அன்று முதல் வலி இல்லாததையும் ஸலமா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். கேட்டவர் அதனைப் பிறருக்கு அறிவித்தார். இன்று நாமும் படிக்கிறோம். தழும்பை மறைத்து, கேள்வியைத் தட்டிக்கழித்திருந்தால் அந்த அறிவு அவர்களோடு முடிந்திருக்கும். ஆறிய காயம் பேசத் தொடங்கும்போது அது மற்றவரின் செல்வமாகிறது.

மொழிகளும் இவ்வுண்மையைத் தம்முள் பொதிந்து வைத்திருக்கின்றன. காயத்திற்கு மருந்திடுவதை அரபியில் ‘அஸா’ என்பர். மருந்திடும் மருத்துவர் ‘ஆஸீ’. பின்பற்றத்தக்க முன்மாதிரி ‘உஸ்வா’. பிறர் துயரில் பங்கேற்று ஆறுதல் அளிப்பது ‘முவாஸாத்’. குணப்படுத்தலும் முன்மாதிரியும் ஆறுதலும் அகராதிகளில் ஒரே வேரின்கீழ் நிற்கின்றன. நம் தமிழிலோ ‘உற்றவர்’ என்னும் ஒரு சொல் போதும். நோயை உற்றவர் நோயாளி. நமக்கு உற்றவர் உறவினர். ஒன்றைப் பட்டவரும் உறவானவரும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றனர். ஒரே துன்பத்தை உற்ற இருவர் ஒருவருக்கொருவர் உற்றவர் ஆகின்றனர் என்று இதனை நாம் விரித்துப் பொருள் கொள்ளலாம்.

உற்றவரின் கடன்

செல்வம் பெற்றவர்மீது ஸகாத் கடமையாவது போல, துன்பத்தில் பெற்ற அறிவிற்கும் ஒரு கொடை உண்டு எனலாம். அதனைக் கொடுப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். மூன்று ஒழுக்கங்களை இங்குக் குறிப்பிடுவோம்.

முதலாவது, தம் உடலை மற்றவர் உடலுக்கு அளவுகோலாக்காமை. அமெரிக்க டென்னிஸ் வீரர் பாப் பிரையன் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்தும் அறுவைக்கு உட்பட்டு, 2019ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் ஆடுகளம் புகுந்தார். அதே மூட்டு வலியால் ஓய்வின் விளிம்பில் நின்ற பிரிட்டானிய வீரர் ஆண்டி மரே அவரை நாடி, ஒவ்வோர் ஆட்டத்திற்குப் பின்னும் எப்படியிருக்கிறது எனக் கேட்டு வந்தார். பிரையன் தம் நிலையை ஒளிக்காமல் கூறினார். ஆயினும், இதுவே உமக்கும் வழி என்று தாம் ஒருபோதும் சொல்லவில்லை எனச் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். தாம் ஆடுவது இரட்டையர் ஆட்டம். மரே ஆடுவது ஒற்றையர் ஆட்டம். அதன் ஓட்டமும் சுமையும் வேறு என்பது அவர் கூறிய காரணம். மரே 2019 ஜனவரி 28 அன்று இலண்டனில் அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் நகரில் ஒற்றையர் பட்டமும் வென்றார். வெற்றியைக் காட்டிலும் நாம் போற்ற வேண்டியது பிரையனின் சொல்லடக்கம். பட்டறிவு சான்று கூறலாம், ஃபத்வா வழங்கலாகாது.

இரண்டாவது, இனிய செய்தியை மட்டும் தேர்ந்து சொல்லாமை. 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பாலித்தீன் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தினார். வலியால் துடித்த முதியோர் வலியின்றி நடக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம், மாரத்தான் ஓடுவதன்று. 1990களில் பர்மிங்காமில் டெரெக் மெக்மின், பந்தை முழுவதும் வெட்டி நீக்காமல் அதன்மேல் உலோகக் கவசமிடும் முறையை வளர்த்தார். சுறுசுறுப்பான இளையோர் பலர் அதனை நாடினர். இன்றும், மூட்டு மாற்றியபின் ஓடலாமா என்னும் வினாவுக்கு மருத்துவர்கள் ஒரே விடை தருவதில்லை. வேண்டாம் என்போர் பலர். மீண்டும் ஓடியவர்களின் கதைகளை மட்டும் அடுக்கி, ஓட முடியாமற் போனவர்களை மறைப்பது ஆறுதலாகாது. ஒருநாள் அவ்வுண்மை தானே வந்து கதவைத் தட்டும். அப்போது நோயாளி இருமடங்கு தனித்துவிடுவார்.

மூன்றாவது, தாம் குணமடைந்ததும் விலகிப் போகாமை. இதுவே கடினமானது. ஒரே காலத்தில் அறுவைக்கு உட்பட்ட இருவருள் ஒருவர் ஓடத் தொடங்கிவிடுகிறார். மற்றவர் இன்னும் ஊன்றுகோலோடு இருக்கிறார். இருவருக்குமே சோதனை அது. பிந்தியவர் உள்ளத்தில் ஹஸது நுழையலாம். அவன் பெற்றது அவனிடமிருந்து போகட்டும் என்பது அது. அதனைக் கிப்தாவாக மாற்ற வேண்டும். அவனுக்கு இருப்பது இருக்கட்டும், எனக்கும் கிடைக்கட்டும் என்பது இது. முந்தியவரோ தம் மகிழ்ச்சியின் ஓசையைக் குறைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறையேனும் நண்பரின் வாயிலில் நிற்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று ரியோ ஒலிம்பிக்கில், மகளிர் 5000 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளின் தடுமாறி விழ, பின்வந்த அமெரிக்கரான ஆபி டகோஸ்டினோவும் அவர்மீது மோதி விழுந்தார். முதலில் எழுந்த டகோஸ்டினோ, ஓடிவிடாமல் நின்று மற்றவரை எழுப்பினார். சற்று நேரத்தில் டகோஸ்டினோவின் முழங்காலே மடிந்தது, தசைநார் கிழிந்திருந்தது. இப்போது ஹாம்ப்ளின் நின்று அவருக்குத் துணையானார். இருவரும் எல்லைக்கோட்டைக் கடந்தனர். தாங்கியவர் தாங்கப்படுபவர் ஆவதற்கு ஓர் ஆட்டத்தின் பாதிப்பொழுதுகூடத் தேவைப்படவில்லை. இன்று நலமாயிருப்பவர் எவரும் இதனை எண்ணிக்கொள்வது நன்று.

ஒரு மறுப்பு

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஓடுபவர் ஓடுபவரைத் தாங்குவது தம் இனத்தாரிடம் காட்டும் பரிவுதானே? நம்மைப் போன்றவரின் வலியை மட்டும் உணர்வது குறுகிய அறம் அன்றோ? இம்மறுப்பில் நியாயம் உண்டு. அந்தப் பரிவு அங்கேயே நின்றுவிடுமானால் அது குறையுடையதே. ஆனால் பரிவு எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆக வேண்டும்? தம் இடுப்பின் வலியால் கற்றவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நன்னியின் வலியைப் புதிய கண்ணோடு காண்பார். மாடிப்படியின் கைப்பிடியை இறுகப் பற்றி நிற்கும் முதியவரைக் கண்டால் பொறுத்து நிற்பார். பள்ளிவாசலில் ஸஜ்தா செய்ய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுபவரைக் கண்டு, முன்பு முகம் சுளித்திருந்தாலும், இனிச் சுளிக்கமாட்டார். நெற்றி தரையைத் தொட முடியாத ஏக்கம் எத்தகையது என்பதை அவர் இப்போது ஒருவாறு அறிவார்.

நோயாளியைச் சென்று காண்பதை மார்க்கம் ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிமின்மீதுள்ள உரிமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே செல்வது அனைவர்க்கும் கடன். அங்குச் சென்று என்ன சொல்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். அந்நோயைப் படாதவர் குறைவாகப் பேசி, நிறையக் கேட்டு வரலாம். பட்டவருக்கோ மேலும் ஒரு கடன் உண்டு. தாம் கடந்து வந்த வழியை, அதன் மேடு பள்ளங்களோடு, உள்ளது உள்ளபடி சொல்வது அது. நம் காயம் ஆறியதற்கு நன்றி கூறும்போதே, இதே காயத்தோடு இப்போது படுத்திருப்பவர் யார் என்று தேடிச் செல்வோமாக.