நாணும் நாணக்கேடும்

கழக்கூட்டத்துச் சந்தையில் மீனின் விலைபற்றிப் பிணக்கு நேர்ந்தால், "நாணமில்லே?" என்னும் கேள்வி சட்டென்று எழும். குடிவந்த புதிதில் இதைக் கேட்டு நாம் வியந்து நின்றதுண்டு. நாணம் என்றதும் நமக்கு மணமேடையில் தலைகுனிந்த பெண்ணன்றோ நினைவுக்கு வருகிறாள்! சினம் மூண்டால் "வெட்கமில்லையா?" என்போமேயன்றி, பேச்சில் நாணத்தை அங்கே அழைப்பதில்லை. மலையாளமோ அப்பழஞ்சொல்லின் இரு பொருளையும் தெருவிலேயே வைத்துப் புழங்குகிறது.

வள்ளுவர் நாணுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தகாத செயலுக்கு நாணுவது வேறு, மகளிரின் இயல்பான கூச்சம் வேறு என்று அதன் தொடக்கத்திலேயே பிரித்தும் வைத்தார். நாம் பின்னதைப் பாட்டிலும் படத்திலும் வளர்த்தோம். முன்னதைக் கைநழுவ விட்டோம்.

நாணுக்கு அருகிலேயே நாணக்கேடு நிற்கிறது. நாண் உள்ளிருந்து எழுவது. நாணக்கேடு பிறர் கொண்டுவந்து சுமத்துவது. இவ்வூரின் பெயரோடே அத்தகைய கதையொன்று ஒட்டியிருக்கிறது. கழக்கூட்டத்துப் பிள்ளை எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அவர்களை ஒடுக்கியபோது, ஆடவரைக் கொன்று, மனைகளை இடித்துக் குளம் தோண்டி, பெண்டு பிள்ளைகளைக் கடற்கரை மீனவரிடம் ஒப்படைத்தார் என்பது வழிவழிச் செய்தி. பகைவரென்று கருதப்பட்டோர் மாண்டு போயினர். ஒன்றும் செய்யாதவர் தலைகுனிந்து வாழவேண்டும் என்பது ஏற்பாடு. உழைத்துண்ணும் மீனவரோடு வாழ்வதையே தண்டனையாக எண்ணினார்களே, அதற்கன்றோ நாணியிருக்க வேண்டும்!

மன்னர் கதை போகட்டும். சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் குடும்ப ஓய்வூதிய மனுவோடு நம் மேசைக்கு வந்தார். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வருகிறவர். ஒரு தாளில் பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து, அது தமிழ் வழக்கம். மற்றொன்றில் பின்னே, அது இவ்வூர் வழக்கம். இரண்டும் ஒருவர் பெயரே என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் விதியைக் காட்டி மூன்று முறை திருப்பி அனுப்பினோம். நான்காம் முறை சான்றிதழோடு வந்தவர், "ஐயாவுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்திட்டேன், மன்னிச்சுக்கிடணும்" என்று கைகூப்பினார். நாம் தலையசைத்து முத்திரை குத்தினோம்.

அன்று நம் முகம் சுண்டவில்லை. அதே வாரம் நம் மலையாள உச்சரிப்பைக் கேட்டு உடன்பணியாற்றுவோர் சிரித்தபோதோ காதுவரை சூடேறிற்று. இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் புழுங்கினோம்.

அண்மையில் நம் மகன், "பள்ளிப் பேருந்து நிற்குமிடத்தில் என்னைத் தமிழில் கூப்பிடாதீர்கள் அப்பா, நாணக்கேடாக இருக்கிறது" என்றான். கடிந்துகொள்ள வாயெடுத்தோம், சொல் வரவில்லை. எதற்கு நாணுவதென்பதை அவன் நம்மிடமன்றோ கற்றான்? அப்போதுதான் அம்மூதாட்டியின் கூப்பிய கைகள் கண்முன் வந்தன.

அவருடைய முகவரி கோப்பில் இருக்கிறது. கடிதம் எழுத இருமுறை உட்கார்ந்தோம். "மதிப்பிற்குரிய அம்மா" என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை.