ஆடாமல் நிற்பதுதான் சமநிலையா?

உடற்பயிற்சிக் கூடத்தில் ‘போசு’ எனும் அரைப்பந்தைப் பார்த்திருப்பீர்கள். 1999-இல் அமெரிக்கரான டேவிட் வெக் உருவாக்கியது. ஏறி நின்றால் பந்து ஆடும், நாமும் ஆடுவோம். கணுக்கால் சதைகள் ஒவ்வொரு நொடியும் உடம்பைத் திருத்தும். ஆடாதவர் யாருமில்லை, திருத்திக்கொள்பவர் நிற்கிறார், அவ்வளவுதான்.

நம் பாட்டிமார் இதைப் பேராக் ரப்பர் தோட்டங்களில் கற்றார்கள். தோளில் காண்டா கம்பு, இரு முனையிலும் பால் வாளி, காலடியில் மேடு பள்ளம். கால் இடறினால் காலையிலிருந்து பட்ட பாடு மண்ணோடு போச்சு. அந்தச் சமநிலைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

இன்று அந்தப் பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிறார். பக்கத்து அறையில் பேரன் பந்தின்மேல் நின்று தன்னையே படம் எடுக்கிறான். பயிற்சி தப்பா? இல்லவே இல்லை. உடம்பைப் பேணுவதும் தர்மம்தான். ஆனால் அந்தப் பலம் யாருக்கு?

கீதையின் இரண்டாம் அத்தியாயம் சமநிலையை யோகம் என்கிறது. அது சும்மா நிற்பவனுக்குச் சொன்னதல்ல. எழுந்து கடமை செய்ய வேண்டியவனுக்குச் சொன்னது.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுப்பவரைப் பாருங்கள். சாய்ந்தால் தாங்க, கூடவே நாலு பேர் நடப்பார்கள்.

நாளைக்குப் பயிற்சி முடிந்ததும் பாட்டியைக் கூப்பிடுங்க. பந்தில் ஏற்ற வேண்டாம். கனமான நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்க. உங்கள் சமநிலைக்கு அதுதான் பரீட்சை.