தாழம்பூவின் சாட்சி

செயலி காட்டிக்கொடுத்ததை 'நான் பார்த்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாமா? தொலைநோக்கிக் குழாயில் கைபேசியைக் கட்டி, ஸ்டெல்லேரியம் தரும் உயரக் கோணத்தைச் சாய்வுமானிச் செயலியில் பிடித்து, பக்கவாட்டில் மெல்லத் துழாவினால், திருவண்ணாமலைத் தெருவிளக்குகளை மீறி ஆண்ட்ரோமெடா கேலக்ஸி சிக்கிவிடுகிறது. கூடுதல் செலவு ஒரு ரப்பர் பேண்டுதான். "தேடாம கிடைச்சது பாத்ததாகுமா?" என்கிறார் நண்பர்.

ஜவ்வாதுமலையில், காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் கணினி உதவியோடுதான் திருப்புகிறார்கள். வழி கேட்பது தப்பில்லை. இந்த ஊர்க் கதையில் பிரம்மா தண்டனை பெற்றது ஜோதியின் முடியைக் காணாததற்காக அல்ல. காணாமலே கண்டதாகச் சொல்லித் தாழம்பூவைச் சாட்சிக்கு இழுத்ததற்காக. திரையில் பெயர் வந்ததுமே 'பாத்தாச்சு' என்று நகர்ந்தால், கைபேசியும் தாழம்பூதான். கண்வில்லையில் அந்த மங்கல் புகை தெளியும்வரை காத்திருப்பது நம் வேலை. அதை எந்தச் செயலியும் செய்து தராது.