விளையாட்டாகக் கேட்ட கேள்வி

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளியின் வெளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது, ஓர் இளைஞர் வந்து ஸலாம் சொல்லி அருகில் உட்கார்ந்தார். கல்லூரியில் படிப்பவர், ஜமாஅத் தவறாதவர். சிறிது நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய ராத்தாவுக்கு ஓரிடத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் குணமும் தீன் பற்றும் விசாரித்தவரையில் திருப்தியாகவே இருந்தன. ஒரு நாள் இரவு வீட்டார் கூடி அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், இந்தத் தம்பி தம் செல்போனில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, "ராத்தாவுக்கு இந்த இடம் சரிப்படுமா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். திரையில் ஒரு கறுப்புப் பந்து குலுங்கி நின்று, சரிப்படாது என்ற கருத்தில் ஒரு வரியைக் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். தாயார் மட்டும் சிரிக்கவில்லை. அதன்பின் அந்தப் பேச்சை எடுத்தாலே அவர்கள் வேறு வேலையைப் பார்க்க எழுந்து போனார்கள். பதில் அனுப்பாமலே நாட்கள் ஓடின.

"நான் விளையாட்டாகத்தான் கேட்டேன் ஹஜ்ரத். உம்மாவும் அதை நம்பவில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மனசில் ஒட்டிக்கொண்டு விட்டதாம். இதில் எனக்குக் குற்றம் உண்டா?" என்று கேட்டார்.

உடனே ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வியை வாசகர்கள் முன்னிலையிலும் வைக்கிறோம்.

முதலில் அந்தப் பந்து எது என்று பார்ப்போம். அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் ஆல்பர்ட் கார்ட்டர் என்றொருவர் இருந்தார். அவருடைய தாயார் குறி சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர். தாயின் தொழிலைப் பார்த்து மகன் 1940-களில் ஒரு கருவியைச் செய்தார். கருநிறத் திரவம் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பகடை மிதக்கும்; அதன் முகங்களில் பதில்கள் எழுதப்பட்டிருக்கும்; கவிழ்த்து நிமிர்த்தினால் ஒரு பதில் கண்ணாடியில் வந்து நிற்கும். 1950-இல் பில்லியர்ட்ஸ் மேஜை விற்கும் ஒரு நிறுவனம், தன் விளம்பரத்துக்காக அதனை 8 என்று எண்ணிட்ட கறுப்புப் பந்தின் வடிவில் செய்து தரச் சொல்லிற்று. அந்த வடிவமே நிலைத்து, 'மேஜிக் எட்டுப் பந்து' என்ற பெயரில் இன்றும் பொம்மைக் கடைகளில் விற்கிறது. உள்ளே மிதக்கும் காய்க்கு 20 முகங்கள். 10 முகங்களில் 'ஆம்' என்னும் கருத்து. 5 முகங்களில் 'இல்லை'. மற்ற 5 முகங்களில் 'இப்போது சொல்வதற்கில்லை, பிறகு கேள்' என்பது போன்ற பேச்சு. 'இல்லை'யைப் போல் இரு மடங்கு 'ஆம்' இருப்பதைக் கவனியுங்கள். கேட்க வந்தவனை மகிழ்வித்து அனுப்பினால்தானே சரக்கு விலை போகும்!

இணையத்தில் இருப்பது இதன் நகல். அங்கே திரவமும் இல்லை, பகடையும் இல்லை. பதில்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கணினி ஓர் எண்ணைப் பொறுக்கி, அந்த எண்ணுக்குரிய வரியைக் காட்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்துதான். கணினி தன் கடிகாரம் காட்டும் நேரத்தையோ அதுபோன்ற வேறோர் எண்ணையோ முதலாக வைத்துக்கொள்கிறது. அதைப் பெருக்கிக் கூட்டி வகுத்து, மிச்சத்தை எடுக்கிறது. அந்த மிச்சத்தை மீண்டும் பெருக்குகிறது. முதல் எண் ஒன்றாக இருந்தால் வருகிற பதில்களும் வரிசை பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். இது போதாதென்று, அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1998 முதல் நடந்து வரும் ஒரு தளத்தில், வானொலிப் பெட்டியில் கேட்கும் வானவெளி இரைச்சலைப் பதிவு செய்து அதிலிருந்து எண்களைத் தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இரைச்சலுக்கும் நம்மூர்ப் பெண்ணின் நிக்காஹுக்கும் என்ன உறவு?

இத்தகைய வேடிக்கைகள் இணையத்தில் எண்ணிறந்தவை. பெயரைக் கொடுத்தால் ஒரு பட்டப்பெயர் சூட்டும் பக்கமுண்டு. ஒன்றுக்கும் உதவாத சித்திரங்களைக் கீறித் தரும் பக்கமுண்டு. 2005-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் மூவர், பொருளற்ற ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தானே எழுதித் தள்ளும் ஒரு பொறியைச் செய்தார்கள். அது எழுதிய கட்டுரையொன்றை ஒரு மாநாட்டினர் ஏற்றுக்கொண்டும் விட்டார்கள்! படித்துப் பார்க்காமலே கட்டுரைகளை ஏற்கிறார்கள் என்பதை அம்பலப்படுத்திய அந்த வேடிக்கையைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. சிரிப்பு மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று. நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுடன் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள்; ஆனால் அதிலும் உண்மையைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை. ஆகவே, வேடிக்கைப் பக்கம் என்றதும் ஹராம் என்று முழங்குவது நமது நோக்கமன்று.

சீட்டுப் போடுவதும் குற்றமன்று. இதனை நம்மில் பலர் அறியாமல் இருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணம் புறப்படும்போது, துணைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதற்குக் குர்ஆ போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. மரண வேளையில் ஒருவர் தமக்கிருந்த ஒரே சொத்தாகிய ஆறு அடிமைகளையும் விடுதலை செய்துவிட, வாரிசுகளின் உரிமையைக் காக்க வேண்டி அவர்களை மூன்று பங்காக்கிக் குர்ஆ போட்டு இருவரை மட்டும் உரிமையாக்கினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இது முஸ்லிமில் உள்ளது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று பேனாக்களை எறிந்து பார்த்ததைத் திருமறை குறிப்பிடுகிறது (3:44). ஹனபி இமாம்கள் குர்ஆவைச் சற்றுச் சுருக்கியும், ஷாபிஈ இமாம்கள் விரித்தும் கையாள்வர். அந்த விவரத்துக்குள் இப்போது போகவில்லை. நம் நாட்டில் ஹஜ் கமிட்டிக்கு வரும் விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகும்போது கணினியில் குர்ஆ போட்டே ஹாஜிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் கணினி எண்ணைத்தான் பொறுக்குகிறது. இங்கேயும் அதையேதான் செய்கிறது. அப்படியிருக்க, அதை ஒப்புக்கொள்ளும் நாம் இதைக் கண்டு ஏன் கலங்க வேண்டும்?

வேறுபாடு கேள்வியில் இருக்கிறது. ஹஜ் குர்ஆவில் யாரும் எந்த மறைபொருளையும் கேட்கவில்லை. உரிமை எல்லோருக்கும் சமம், இடமோ குறைவு, யாருடைய கையும் சாயாமல் பங்கிட வேண்டும். எதையும் அறியாத பொருள்தான் அந்த வேலைக்கு ஏற்றது. அது எவரையும் அறியாது என்பதே அதன் நீதி. பந்தைக் கேட்கிறவரோ, அறியாத அந்தப் பொருளிடம் அறிவைக் கேட்கிறார்.

அறியாமைக் காலத்து அரபிகள் செய்தது இதுதான். அவர்களிடம் அம்புகள் இருந்தன. ஒன்றில் இறைவன் ஏவினான் என்றும், ஒன்றில் இறைவன் தடுத்தான் என்றும் எழுதியிருக்கும். மற்றொன்று வெறுமையாக இருக்கும் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விவரிக்கிறார்கள். பிரயாணமோ திருமணமோ எண்ணினால் அம்பை உருவுவார்கள். வெறுமையானது வந்தால் மறுபடியும் உருவுவார்கள். ஆம், இல்லை, பிறகு கேள்! சின்சினாட்டியில் செய்த பந்துக்கும் இதற்கும் கணக்கு ஒன்றாக இருப்பதைப் பார்த்து நாம் திகைத்தே போனோம். இந்த அம்புகளுக்குத் திருமறை 'அஸ்லாம்' என்று பெயர் சொல்லி, மதுவோடும் சூதாட்டத்தோடும் சேர்த்து விலக்கியிருக்கிறது (5:90). ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, கஃபாவிலிருந்து வெளியேற்றப்பட்டவற்றில் நபி இப்ராஹீம், நபி இஸ்மாயீல் (அலை) இருவரின் உருவங்களும் இருந்தன. கைகளில் அந்த அம்புகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அவ்விருவரும் ஒருபோதும் அம்பெடுத்துக் குறி பார்த்ததில்லை என்பது இவர்களுக்கே தெரியுமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்தார்கள்.

அம்பை நம்பியவர்களாவது அதற்குக் கட்டுப்பட்டார்களா? ஸுராக்கா இப்னு மாலிக் அவர்களின் சம்பவம் புகாரியில் இருக்கிறது. அன்று அவர் இஸ்லாத்தில் சேரவில்லை. ஹிஜ்ரத் சென்ற நாயகம் (ஸல்) அவர்களைப் பிடித்தால் கிடைக்கும் ஒட்டகங்களுக்கு ஆசைப்பட்டுக் குதிரையில் விரட்டினார். வழியில் குதிரை இடறியது. அம்பை உருவினார். அவர் விரும்பாத பதிலே வந்தது. விட்டாரா? அம்பை மீறி ஏறிச் சென்றார். பிறகு குதிரையின் கால்கள் மணலில் புதைந்தன. இதைக் கேட்டு, அம்பு சரியாகத்தானே சொல்லிற்று என்று கேட்பவர் இருக்கலாம். இரண்டில் ஒன்று வந்தே தீர வேண்டிய இடத்தில், ஒன்று வந்தது, அவ்வளவே. நாம் எடுத்துக்கொள்வது வேறு. மனிதன் குறி கேட்பது பதிலுக்காக அன்று, தன் விருப்பத்துக்கு ஒரு சாட்சி தேடியே. சாட்சி எதிராகப் பேசினால் தள்ளிவிடுகிறான். அந்தப் பந்தை மறுபடி மறுபடி குலுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் இது விளங்கும்.

இறக்கும் நாளைக் கணித்துச் சொல்லும் பக்கங்களும் இருக்கின்றன. பிறந்த தேதி, உடல் எடை, புகைபிடிக்கும் பழக்கம் முதலியவற்றைக் கேட்டுக்கொண்டு ஒரு தேதியை அறிவித்து, மிச்ச வினாடிகளையும் எண்ணிக் காட்டும். மவ்த்தை நினைப்பது நல்லதுதானே என்று ஓர் அன்பர் வாதித்தார். இன்னும் முப்பத்தெட்டு வருஷம் இருக்கிறது என்று அறிந்தவர் இன்றைய இஷாவைத் தள்ளிப்போடுவாரா, விரைந்து தொழுவாரா என்று கேட்டோம். சிரித்துவிட்டார். எந்த உயிரும் எந்தப் பூமியில் இறக்கும் என்று அறியாது என்பதல்லவா திருமறையின் அறிவிப்பு (31:34).

நம்மவர்களிடமும் குறை இல்லாமல் இல்லை. பால் கிதாபைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. திருமறையையே அப்படித் திறந்து குறி பார்ப்போரும் உண்டு. தொழுகையை நெருங்காதீர்கள் என்ற இடத்தில் விரல் நின்று, போதையில் இருக்கும்போது என்ற தொடர்ச்சி மறைந்து போனால் என்ன ஆகும்? இஸ்திகாராவின் நிலைமையும் இதுவே. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கனவில் பச்சை தெரிந்ததா, கறுப்பு தெரிந்ததா என்று காத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வேறொருவரைப் பார்க்கச் சொல்வோரும் இருக்கிறார்கள். குர்ஆனின் சூராவைக் கற்பிப்பது போல நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த அந்தத் துஆவில் எங்கே இருக்கிறது கனவு? நீ அறிவாய், நான் அறியேன். இது நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் என்னைவிட்டு அதையும் அதைவிட்டு என்னையும் திருப்பு. நன்மை எங்கிருந்தாலும் அதைத் தந்து என் மனத்தைப் பொருந்தச் செய் என்பதே அதன் சாரம். கேட்கிறவன் தன் அறியாமையை ஒப்புக்கொண்டு, விசாரிக்க வேண்டியதை விசாரித்து, காரியத்தில் இறங்குகிறான். பந்தைக் குலுக்குகிறவனுக்கு விசாரணையும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம்.

சரி, விளையாட்டாகக் கேட்டால்? நிக்காஹும் தலாக்கும் விளையாட்டாகச் சொன்னாலும் நிலைத்துவிடும் என்ற ஹதீஸை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்துவது சரியன்று. குறிகாரனிடம் போய்க் கேட்டவனின் தொழுகை நாற்பது இரவுகளுக்கு ஏற்கப்படாது என்ற ஹதீஸ் கடுமையானது. ஆனால் பொம்மையைக் குலுக்கிச் சிரித்த பிள்ளையைக் குறிகாரன் வாசலில் நிற்பவனோடு ஒன்றாக்க நாம் துணியவில்லை. அவர் கேட்ட இடம்தான் தவறு. தனக்கு மட்டும் உரியதை ஒருவர் வேடிக்கையாகக் கேட்டிருந்தால் அந்த வேடிக்கை அவரோடு முடிந்திருக்கும். அங்கே, மகளின் வாழ்வை எண்ணி ஏற்கெனவே பயந்திருந்த ஒரு தாய் அமர்ந்திருந்தார்கள். பயந்த நெஞ்சில் எது விழுந்தாலும் முளைக்கும்.

அந்தத் தாயாரின் நிலையை நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லே நமக்கு விளக்குகிறது. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள், எங்களில் சகுனம் பார்ப்போர் இருக்கிறார்களே என்று கேட்டபோது, அது அவர்கள் தங்கள் நெஞ்சங்களில் காணும் ஒன்று. அது அவர்களைத் தடுத்துவிட வேண்டாம் என்ற கருத்தில் பதில் அருளினார்கள். இதுவும் முஸ்லிமில் உள்ளது. என்ன கருணை பாருங்கள்! நெஞ்சில் தோன்றியதற்காக யாரையும் கண்டிக்கவில்லை. தோன்றும், மனிதனுக்குத் தோன்றத்தான் செய்யும். அதற்காகக் காரியத்தை நிறுத்தாதே என்பதே கட்டளை.

இதையே அந்த இளைஞரிடம் சொல்லி, உம்மாவிடம் எடுத்துரைக்கும்படியும், வாப்பாவையும் கலந்துகொண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு உடனே ஆளனுப்பும்படியும் கூறினோம். அவர் முகம் தெளிந்து எழுந்து போனார்.

பத்து நாள் கழித்து அவருடைய தாயாரே தம் மகளுடன் நம் வீட்டுக்கு வந்தார்கள். நம் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தது திரைக்கு இப்பால் நமக்கும் கேட்டது. ஆளனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதமாகப் பதில் வராததைக் கண்டு, விருப்பமில்லை போலும் என்று எண்ணி, வேறோர் இடத்தில் பேசி முடித்து நாளும் குறித்துவிட்டார்களாம்.

"அப்படின்னா அது சொன்னது சரிதானா, ஹஜ்ரத்?" என்று தாயார் திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்கள்.

நாம் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண், "அது சொல்லலே உம்மா, நாமதான் பதில் சொல்லலே" என்றது.