பழகக் கற்பித்தலும் நடிக்கக் கற்பித்தலும்

விடைபெற்றுச் செல்பவர் 'போய் வருகிறேன்' என்று கூறுவது தமிழ்நாட்டு வழக்கு. மீண்டும் வரும் எண்ணம் இல்லாதவரும் அவ்வாறே கூறுவார். 'சாப்பிட்டாயிற்றா?' என்று வினவுபவர் நம் உணவின் கணக்கைக் கேட்பதில்லை. திண்டுக்கல் காமராசர் பேருந்து நிலையத்தில் நடத்துநரை 'அண்ணே' என்று அழைக்கும் இளைஞனுக்கு அவர் உடன்பிறந்தவர் அல்லர். இவற்றை எவரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை. ஆட்டிசம் உடைய பிள்ளைகளுள் பலருக்கோ இவை தாமே வந்து சேர்வதில்லை. சொல்லுக்குச் சொல்லாகவே பொருள் கொள்ளும் ஒருவன், 'நான் திரும்பி வரப்போவதில்லையே, ஏன் அவ்வாறு கூற வேண்டும்?' என்று கேட்டால் அவ்வினாவில் பிழை யாது? (செய்தித்தாள்கள் ஆட்டிசத்தை 'மன இறுக்கம்' என்று எழுதிவருகின்றன. பொருந்தாப் பெயர் என்பதே என் கருத்து. இறுகியிருப்பது அவர்தம் மனம் அன்று.)

இத்தகைய வளரிளம் பருவத்தினரையும் இளைஞரையும் குழுவாக அமர்த்திப் பழகும் முறையைக் கற்பிக்கும் வகுப்புகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவற்றுள் பெயர் பெற்றது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகெசன், பிரெட் ஃபிராங்கல் ஆகியோர் வகுத்த 'பியர்ஸ்' பயிற்சி. வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் ஓர் அறையிலும், பெற்றோர் மற்றோர் அறையிலும் அமர்ந்து கற்பர். பயிற்சி பெற்றோர் நண்பரை வீட்டுக்கு அழைப்பது மிகுந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறிற்று. இதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. பெரியவர்களின் அறிவுரையை அவர்கள் விதியாகக் கொள்ளவில்லை. இளையோர் உண்மையில் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்று நோக்கி விதிகளை அமைத்தனர். கேலி செய்பவனைக் கண்டுகொள்ளாதே, ஆசிரியரிடம் சொல் என்போம் நாம். 'அதனால் என்ன?' என்று அலட்சியமாக ஒரு சொல் கூறிவிட்டு நகர்வதே இளையோர் வழி. அங்கே பயிற்றுவிப்பது அதனையே.

இனி அறத்தின் வினாவுக்கு வருவோம். உள்ளத்தில் இல்லாததைச் சொல்லப் பழக்குவது வாய்மைக்கு மாறாகாதா? 'போய் வருகிறேன்' என்பதன் பொருளைக் கூறுபவரும் கேட்பவரும் அறிவர், எவரும் ஏமாறுவதில்லை. ஆகவே அதனைக் கற்பித்தல் ஒரு மொழியைக் கற்பித்தல் போன்றதே. ஏமாற்றுபவனை இனங்காணக் கற்பிப்பதோ இன்னும் இன்றியமையாதது. வேடசந்தூர் நூற்பாலைக்கோ பூச்சந்தைக் கடைக்கோ வேலைக்குச் செல்லும் ஒருவன், நண்பன் என்று சொல்லிக்கொண்டு சம்பள நாள்தோறும் கடன் வாங்குபவனை அறிந்துகொள்ள வேண்டாமா?

கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று அதட்டிப் பழக்குவது வேறு. கையசைவு பலருக்குக் கலக்கத்தைத் தணித்துக்கொள்ளும் வழி. கண்ணோடு கண் நோக்குதல் பலருக்கு வேதனை. பெரியவர் முன் விழி தாழ்த்தி நிற்பதை அடக்கம் என்று பாராட்டிய ஊர்கள் நம்முடையவை. பாட்டனார் முன் பண்பாக இருந்தது பயிற்சி அறையில் குறையாகிவிடுவது வியப்பே! தம் இயல்பை மறைத்து வாழும் ஆட்டிசம் உடையோரிடம் அம்மறைத்தலுக்கும் தற்கொலை எண்ணத்திற்கும் தொடர்பு உண்டென 2018-இல் இங்கிலாந்தின் சாரா கேசிடி குழுவினர் கண்டனர். பிறர் கண்ணுக்கு இனியனாவதற்காக ஒருவனைத் தன்னையே வருத்திக்கொள்ளச் செய்வதை இம்சை என்றே கூறுவேன்.

பெற்றோர் தரப்பையும் கேட்டல் வேண்டும். 'எங்களுக்குப் பின் இவன் கதி என்ன? உலகம் திருந்தும்வரை காத்திருக்க இயலுமா?' என்கின்றனர். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்த ஆட்டிசம் உடையவருக்கு மாவட்ட அளவிலான குழு காப்பாளரை நியமிக்கலாம். சட்டம் காப்பாளரைத் தரும். திருமணப் பந்தியில் அருகில் அமர்ந்து உண்ணும் நண்பனைத் தராது. எனவே அவர்கள் கவலை வீண் கவலையன்று. ஆயினும் பிள்ளை துன்புறுவானே என்னும் அச்சமும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்னும் அச்சமும் ஒன்றல்ல. இவ்விரண்டும் ஒரே குரலில் பேசுவதால் வீட்டில் உள்ளோர்க்கே பிரித்தறிதல் அரிதாகிறது.

தாமே ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கில அறிஞர் 2012-இல் வேறொரு கோணத்தைக் காட்டினார். புரிந்துகொள்ளாமை இருபுறமும் உள்ளது என்றார். கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை ஒருவர் அடுத்தவர்க்கும் அவர் அதற்கடுத்தவர்க்குமாகச் சொல்லச் செய்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். ஆட்டிசம் உடையோர் மட்டும் நின்ற வரிசையில் கதை மற்றவர் வரிசைக்கு இணையாகவே சென்று சேர்ந்தது. இருவகையினரும் கலந்து நின்ற வரிசையில்தான் மிகுதியும் சிதைந்தது. ஒருபக்கம் நின்று காண்பது முழுக்காட்சி ஆகாது என்று வழிவழியாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

ஆகவே திண்டுக்கல் நகரிலோ சின்னாளபட்டி, நிலக்கோட்டை போன்ற ஊர்களிலோ இத்தகைய குழு அமைக்க முனைவோர், லாஸ் ஏஞ்சலிஸ் பாடத்தை அப்படியே பெயர்த்து வைக்க வேண்டா. இவ்வூர் இளைஞர் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் எவ்வாறு பேசுகின்றனர் என்று நோக்கி எழுதட்டும். ஆட்டிசம் இல்லாத ஒத்த வயதினர் சிலரையும் உடன் அமர்த்தி, அவர்களுக்கும் பாடம் வைக்கட்டும்: வினவியபின் விடைக்குச் சற்றுப் பொறுத்தல், குறிப்பாக உணர்த்தாது நேராகச் சொல்லுதல், கையசைவைக் கண்டு நகையாதிருத்தல். பெற்றோர் அறையில் முதல் நாளே ஆளுக்கொரு தாள் தரலாம். பிள்ளையிடம் மாற வேண்டும் என்று தாம் விரும்புவனவற்றுள் அவனுக்குத் துன்பம் தருவன ஒருபுறம், தமக்கு வெட்கம் தருவன மறுபுறம். மறுபுறத்தில் எழுதியவற்றைப் பிள்ளைகளின் பாடத்தில் சேர்க்க வேண்டியதில்லை.