கயிற்றைப் பிடித்திருப்பவரின் அடக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை என்ற ஊரின் பெயரே அந்த நாய்க்கும் பெயர். செவலை உடம்பு, கருத்த வாய். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். துரத்தும் ஆசை ஓநாய்க் காலத்திலிருந்தே நாய்க்கு உண்டு. நன்றாகத் துரத்திய நாய்களின் குட்டிகளாகப் பார்த்து எடுத்து வளர்த்து, அதைக் கூர்தீட்டியது நாம்.

பிறகு 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமில்லை. பிடிப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வதுகூட வேட்டைதான். 2021-ல் மேகமலைக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சட்டம் சரியென்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாய் கடிக்காமல் விட்டாலும் ஓடிய மான் குட்டியைப் பிரிகிறது. நோயும் பரவலாம்: 2018-ல் கிர் காட்டில் செத்த சிங்கங்கள் சிலவற்றில் இருந்தது, நாய்களுக்கு வரும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ். என் கேள்வி வேறு. மனிதர்களின் அறம் மாறியதற்கு நாய் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

எங்கள் தோப்பில் ஒரு கோம்பை இருக்கிறது. மயிலைப் பார்த்தால் காது விறைத்துவிடும். அதற்குப் பிறகு நம் குரல் அதற்குக் கேட்காது.

"வேட்ட நாய வளத்துக்கிட்டு வெரட்டாதன்னா எப்புடிடா?" என்பார் பெரியப்பா.

"அதுக்குச் சட்டம் தெரியாதுல்ல, பெரியப்பா."

"அப்பத் தெரிஞ்ச நீ புடிச்சுக்க."

பயிற்சி நீளக் கயிற்றில் தொடங்குகிறது. மயில் கண்ணில் படவேண்டும், ஆனால் நாய்க்கு நம் குரலும் கேட்கவேண்டும். அந்தத் தூரத்தில் நிற்கவேண்டும். அது மயிலை விட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிற நொடியில் பரிசு. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் குறைக்கலாம். சிக்கல் பரிசில்தான். துரத்துவதே நாய்க்குப் பெரிய பரிசு. பிஸ்கெட் அதோடு போட்டி போட முடியாது. அதனால் திரும்பிப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் பந்தை எறிந்து ஓடவிடுகிறோம். அதிகம் விரும்பும் செயலையே மற்றொரு செயலுக்குப் பரிசாக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரீமாக் சொன்னது இதைத்தான். ஆசை சாகவில்லை, திசை மாறுகிறது.

ஷாக் காலர் போட்டால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். மென்பொருள் எழுதுகிறவனுக்கு அந்தக் கவர்ச்சி புரியும்: அவுட்புட் சரியாக வந்தால் போதும். ஆனால் ஆசையை வளர்த்தது நாம், தடை போட்டது நாம், வலி மட்டும் நாய்க்கு என்பது என்ன நியாயம்?

தப்பான ஆசை எழுந்தும் அடக்கிக்கொள்பவர், அந்த ஆசையே எழாதவர் என்று அரிஸ்டாட்டில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டினார். வள்ளுவர் அடக்கத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். எங்கள் நாயை இதில் எங்கே சேர்ப்பது? மயில் பாவம் என்று அது திரும்பவில்லை. பந்துக்காகத் திரும்புகிறது. அதற்குக் கிடைத்தது ஒரு பழக்கம். அதில் குறையும் இல்லை, புண்ணியமும் இல்லை.

அடக்கம் தேவைப்படுவது கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு. நாய் பத்துமுறை சரியாகத் திரும்பிவிட்டால், பதினோராவது முறை அவிழ்த்துவிட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். "நம்ம நாய் நல்லா பழகிருச்சு" என்ற பெருமையும் துரத்தும் ஆசையைப் போன்றதுதான். அதைத் திசைதிருப்ப நமக்கு யாரும் பந்து எறியமாட்டார்கள். சாயங்காலம் பன்றிகள் இறங்கும் நேரத்தில், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், மலையோரம் கூட்டிப்போகாமல் வீட்டிலேயே இருப்பது நாம் கற்கவேண்டிய பாடம்.